அப்பாவுக்கு சுகர், வெறும் வயித்துல ஆலிவ் ஆயில் குடிக்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். அப்பாவுக்கு 58 வயசு, ஒன்பது வருஷமா சுகர், மூணு மாச சுகர் அதாவது ஹெச்பிஏ1சி 8.2, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுறாரு, சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல "தினமும் காலையில வெறும் வயித்துல ரெண்டு ஸ்பூன் ஆலிவ் ஆயில் குடிச்சா ஆறு மாசத்துல மாத்திரையை நிறுத்திடலாம்"னு அனுப்பியிருக்காரு, அப்பா ஏற்கனவே பாட்டில் வாங்கி வச்சுட்டாரு, இது உண்மையான்னு கேட்டிருக்கீங்க. நான் பதினேழு வருஷமா சுகர் கிளினிக்ல டயட் சொல்ற வேலை பாக்குறேன், இந்தக் கேள்வி என்கிட்ட வாரத்துக்கு ஒண்ணாவது வருது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல மாத்திரை விஷயம். மாத்திரையை நிறுத்தவே கூடாது. எந்த ஆய்வும் ஆலிவ் ஆயில் குடிச்சு மாத்திரையை விட்டுடலாம்னு சொல்லல. அதே சமயம் ஆலிவ் ஆயில்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் பணக்காரங்க ஃபேஷன்னு ஒதுக்குறதும் தப்பு. சுகருக்கு நல்லதுன்னு இந்த அளவுக்கு ஆள் வச்சு சோதிச்சுப் பார்த்த சமையல் எண்ணெய் வேற இல்லன்னே சொல்லலாம். பெரிய ஆய்வுல எல்லாம் அதை எப்படி சாப்பிட்டாங்கன்றதுலதான் மொத்த விஷயமும் இருக்கு, யாரும் ஸ்பூன்ல ஊத்தி மருந்து மாதிரி குடிக்கல.

ஸ்பெயின்ல நடந்த பிரெடிமெட்னு ஒரு பெரிய ஆய்வு இருக்கு, பார்சிலோனாவுல இருக்குற டாக்டர் ரமோன் எஸ்த்ருச்சும் மத்தவங்களும் சேர்ந்து பண்ணது. 55லிருந்து 80 வயசு வரைக்கும் 7,447 பேர். எல்லாருமே மாரடைப்பு, பக்கவாதம் வர வாய்ப்பு ஜாஸ்தி இருக்குறவங்க, கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஏற்கனவே சுகர். இவங்களை மூணு குழுவா பிரிச்சாங்க, ஒரு குழுவுக்கு அவங்க ஊரு பாரம்பரிய சாப்பாடோட எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் ஆயில், அதுவும் குடும்பத்துக்கு வாரம் ஒரு லிட்டர்னு வீட்டுக்கே இலவசமா குடுத்தாங்க. ரெண்டாவது குழுவுக்கு அதே சாப்பாடு, எண்ணெய்க்கு பதிலா தினம் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட். மூணாவது குழுகிட்ட கொழுப்பைக் குறைச்சுக்கோங்கன்னு மட்டும் சொன்னாங்க. யாரையும் கலோரி எண்ணச் சொல்லல, எடை குறைங்கன்னும் சொல்லல, இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க.

முதல்ல சுகர் இல்லாதவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கலாம். ரேயுஸ்ன்ற ஊர் சென்டர்ல சுகர் இல்லாத 418 பேரை நாலு வருஷம் பார்த்தாங்க, கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழுவுல 17.9% பேருக்கு சுகர் வந்துச்சு, ஆலிவ் ஆயில் குழுவுல 10.1% பேருக்குத்தான். அப்புறம் 2014ல எல்லா சென்டரையும் சேர்த்து 3,541 பேரோட கணக்கைப் போட்டப்போ ஆலிவ் ஆயில் குழுவுல புதுசா சுகர் வர்றது 40% குறைவா இருந்துச்சு. எடையில பெரிய வித்தியாசம் இல்லாமலே இது நடந்திருக்கு.

உங்க அப்பா மாதிரி ஏற்கனவே சுகர் இருக்குறவங்களுக்கு என்ன ஆச்சுன்றதுதான் உங்களுக்கு முக்கியம். அதையும் தனியா பார்த்திருக்காங்க. அதே ஆய்வுல இருந்த 3,230 சுகர்காரங்கள்ல, ஆலிவ் ஆயில் குழுவுல இருந்தவங்களுக்கு முதல் தடவையா சுகர் மருந்து ஆரம்பிக்க வேண்டிய நிலைமை 22% குறைவு. ஆனா இன்சுலின் ஆரம்பிக்கிறதுல அப்படி உறுதியான வித்தியாசம் தெரியல. இதுக்கு என்ன அர்த்தம்னா, ஆரம்ப கட்டத்துல இருக்குறவங்களுக்கு மாத்திரை தேவைப்படுற நாளைத் தள்ளிப் போட அந்தச் சாப்பாடு உதவியிருக்கு, ஒன்பது வருஷமா ரெண்டு மாத்திரை போடுறவரோட மாத்திரையை நிறுத்தினதா அதுல எங்கயும் இல்ல. இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப முக்கியமா படுறது, சுகரால கண்ணுல விழித்திரை கெடுறது ஆலிவ் ஆயில் குழுவுல 40%க்கும் மேல குறைவா இருந்துச்சு. கிட்னி பாதிப்புல அந்த மாதிரி பலன் தெரியல.

இந்த ஆய்வைப் பத்தி ஒரு குறையையும் சொல்லிடணும், இல்லன்னா நாளைக்கு யாராவது "அது பொய்னு வாபஸ் வாங்கிட்டாங்களே"ன்னு உங்ககிட்ட சொல்வாங்க. 2013ல வெளியான முக்கியமான கட்டுரையை 2018ல அவங்களே வாபஸ் வாங்கி, திருத்தி, அதே பத்திரிகையில மறுபடி போட்டாங்க. ஆளுங்களைக் குலுக்கல் மாதிரி பிரிக்க வேண்டிய இடத்துல சில பேரை அப்படிப் பிரிக்கல. ஒரே வீட்டுல ரெண்டாவதா சேர்ந்தவங்களை அதே குழுவுல போட்டுட்டாங்க, ஒரு இடத்துல பக்கத்து வீட்டுக்கு இலவசமா எண்ணெய் குடுக்குறீங்க எங்களுக்கு மட்டும் ஏன் இல்லன்னு ஜனங்க சண்டைக்கு வந்ததால அங்க இருந்தவர் ஊர் முழுக்க ஒரே குழுவா ஆக்கிட்டாரு! கேட்டா நம்ம ஊர் ரேஷன் கடை மாதிரி இருக்கு, ஆனா விஞ்ஞானத்துல அது பெரிய பிழை. அந்த ஆளுங்களை எல்லாம் கழிச்சுட்டு மறுபடி கணக்குப் போட்டாங்க, மாரடைப்பு பக்கவாதம் எல்லாம் சேர்த்து சுமார் 30% குறைவுன்ற முடிவு கிட்டத்தட்ட அப்படியேதான் வந்துச்சு. அதனால நான் இதை நம்புறேன், ஆனா கல்வெட்டு மாதிரி எடுத்துக்கல.

இது ஒண்ணு மட்டும் இல்ல. இத்தாலியில நேப்பிள்ஸ் நகரத்துல புதுசா சுகர்னு தெரிஞ்ச 215 பேரை எடுத்து, பாதி பேருக்கு மாவுச்சத்தைக் குறைச்சு தினம் 30லிருந்து 50 கிராம் வரை ஆலிவ் ஆயில் சேர்த்த சாப்பாடு, மீதிப் பேருக்குக் கொழுப்பு குறைச்ச சாப்பாடு. நாலு வருஷம் கழிச்சு பார்த்தா கொழுப்பு குறைச்ச குழுவுல 70% பேருக்கு மருந்து தேவைப்பட்டுச்சு, ஆலிவ் ஆயில் குழுவுல 44%. இது 2009ல வந்தது. அங்க மாவுச்சத்தைக் குறைச்சதும் சேர்ந்துதான் வேலை செஞ்சிருக்கு, எண்ணெய் மட்டும்னு சொல்ல முடியாது.

சரி, ஆலிவ் ஆயிலால மூணு மாச சுகர் எவ்ளோ குறையும்? இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து 2017ல ஒரு கணக்கு வந்துச்சு, சுகர்காரங்களுக்கு ஹெச்பிஏ1சி சராசரியா 0.27 குறையுது, வெறும் வயித்து சுகர் 8 மில்லிகிராம் மாதிரி குறையுது. உங்க அப்பாவோட 8.2 வேற எதுவும் மாத்தாம இதனால மட்டும் 7.9 ஆகலாம், அவ்ளோதான். மெட்ஃபார்மின் பொதுவா ஒண்ணு ஒண்ணரை குறைக்கும். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, மாத்திரையை நிறுத்துங்கன்ற அந்த மெசேஜ் எவ்ளோ ஆபத்துன்னு புரியும். ஆனா 0.27ன்றதை நான் அலட்சியமா பேசல, சாப்பாட்டுல இருந்து, பக்க விளைவு இல்லாம, இதயத்துக்கும் நல்லது செஞ்சுக்கிட்டே வர்ற குறைவு அது.

இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. ஆலிவ் ஆயில்ல முக்கால்வாசி மாதிரி ஒலீயிக் அமிலம்னு ஒரு கொழுப்பு. வெண்ணெய், பாமாயில், வனஸ்பதி இதுல எல்லாம் பால்மிட்டிக்னு ஒரு கெட்டிக் கொழுப்பு ஜாஸ்தி, அது தசைக்குள்ள சேர்ந்து இன்சுலின் குடுக்குற சிக்னலைக் கெடுக்குது, இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் கதவு சரியா திறக்க மாட்டேங்குது. ஒலீயிக் அமிலம் அந்தக் கெட்ட வேலையைச் செய்யறதில்ல, பால்மிட்டிக்கையும் பத்திரமா ஒதுக்கி வைக்க உதவுது. கான்வுன்னு ஒரு ஆய்வு, 162 பேர் மூணு மாசம், ஒரு குழுவுக்கு கெட்டிக் கொழுப்பு இன்னொரு குழுவுக்கு இந்த ஒலீயிக் வகை, கெட்டிக் கொழுப்பு சாப்பிட்டவங்களுக்கு இன்சுலின் வேலை செய்யுற திறன் குறைஞ்சுது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா மொத்தக் கலோரியில 37%க்கு மேல கொழுப்பு சாப்பிட்டவங்களுக்கு நல்ல கொழுப்புக்கு மாறியும் அந்தப் பலன் கிடைக்கல. எண்ணெயை அதிகமா ஊத்தினா நல்லது அதிகமாகும்னு நினைக்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

சாப்பிட்ட உடனே நடக்குற விஷயமும் ஒண்ணு இருக்கு. கொழுப்பு வயித்தை மெதுவா காலியாக்கும், அதனால சோறோ ரொட்டியோ சர்க்கரையா மாறி ரத்தத்துல ஏறுற வேகம் குறையும். நேப்பிள்ஸ்லயே டைப் ஒன் சுகர்காரங்களை வச்சு பார்த்தாங்க, சீக்கிரம் சுகர் ஏத்துற சாப்பாட்டோட எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் ஆயில் சேர்த்தப்போ முதல் மூணு மணி நேரத்துல சுகர் ஏத்தம் வெண்ணெய் சேர்த்ததை விடக் குறைவா இருந்துச்சு. ரோம் நகரத்துல ஒரு சின்ன ஆய்வுல மதியச் சாப்பாட்டோட வெறும் 10 கிராம் சேர்த்ததுக்கே சாப்பிட்ட பின் சுகர்ல வித்தியாசம் தெரிஞ்சுது. இப்போ யோசிச்சுப் பாருங்க தம்பி, இந்த வேலை எல்லாம் சாப்பாட்டோட சேர்ந்து போனாதான் நடக்கும். காலையில ஆறு மணிக்கு வெறும் வயித்துல எண்ணெயைக் குடிச்சுட்டு எட்டரைக்கு ஆறு இட்லி சாப்பிட்டா அந்த எண்ணெய் யாருக்கு என்ன உதவி பண்ணும்?

ஒரு அம்மா என்கிட்ட வந்தாங்க, 60 வயசு இருக்கும், ஆறு மாசமா தினமும் வெறும் வயித்துல மூணு ஸ்பூன் குடிச்சிருக்காங்க. மத்ததுல ஒரு மாத்தமும் இல்ல, அதே சோறு, அதே இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய், சாயந்திரம் அதே வடை. நாலு கிலோ ஏறியிருந்தாங்க, சுகர் கொஞ்சம் கூட இறங்கல. அழுதுட்டாங்க, "எவ்ளோ கஷ்டப்பட்டு முழுங்கினேன் தெரியுமா"ன்னு. எனக்கு அவங்க மேல கோவமே வரல, அந்த மெசேஜ் எழுதினவங்க மேலதான் வந்துச்சு. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, ரெண்டு ஸ்பூன் 240, அது ஒரு கப் சோத்தை விட ஜாஸ்தி. ஆலிவா இருந்தாலும் எதுவா இருந்தாலும் எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். உள்ள வர்றதுக்கு ஈடா ஏதாவது வெளிய போகணும். பிரெடிமெட்ல எண்ணெயைக் காய்கறியோடயும் பருப்போடயும் சேர்க்கச் சொன்னாங்க, வெண்ணெயையும் ஸ்வீட்டையும் கடை பிஸ்கட்டையும் குறைக்கச் சொன்னாங்க, எடை பெருசா ஏறாததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அந்த ஆய்வுல கலந்துக்கிட்டவங்களுக்கு 14 கேள்வி வச்சு மார்க் போடுவாங்க. காய் தினம் ரெண்டு பங்கு சாப்பிட்டீங்களா, கொண்டைக்கடலை பயறு மாதிரி வாரம் மூணு தடவை, மீன் மூணு தடவை, கூல்டிரிங்க்ஸ் தினம் ஒண்ணுக்கும் கம்மியான்னு போகும். அதுல ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், வாரம் ரெண்டு தடவையாவது சொஃப்ரித்தோ செஞ்சு சாப்பிட்டீங்களான்னு. சொஃப்ரித்தோன்னா என்னன்னா தக்காளி, வெங்காயம், பூண்டு எல்லாத்தையும் ஆலிவ் ஆயில்ல மெதுவா சுருள வதக்குறது. நம்ம தக்காளித் தொக்குதான், புளியும் மிளகாய்த்தூளும் மட்டும் இல்ல! அதனால இந்தச் சாப்பாடு நமக்கு அந்நியம்னு பயப்பட வேண்டியதில்ல.

இப்போ உங்க வீட்டுல என்ன பண்ணலாம்னு சொல்றேன். அப்பா வாங்கி வச்ச பாட்டிலை வீணாக்க வேண்டாம். ஒரு நாளைக்கு அவருக்கு மொத்தம் ரெண்டு டேபிள் ஸ்பூன் எண்ணெய்னு வச்சுக்கோங்க, தாளிக்கிறது தோசைக்கு ஊத்துறது பொடிக்குப் போடுறது எல்லாம் அதுக்குள்ளயே அடங்கணும். அதுல ஒண்ணு ஒண்ணரை ஸ்பூன் ஆலிவா இருக்கட்டும். கொண்டைக்கடலை சுண்டல் இறக்கினதும் மேல விட்டுக் கிளறலாம், கீரைக்கூட்டுல கடைசியா சேர்க்கலாம், வெள்ளரிக்கா தக்காளி வெங்காயம் நறுக்கி எலுமிச்சை பிழிஞ்சு கலந்துக்கலாம், ஆம்லெட் போடலாம், மீனை தவாவுல லேசா வறுக்கலாம். சாம்பார்ல அதோட வாசனை சேராது, நான் முயற்சி பண்ணிப் பார்த்தேன், வேண்டாம். முக்கியமா மதியம் தட்டுல சோறு இப்போ இருக்குறதுல பாதியாகணும், அந்த இடத்துல காயும் பருப்பும் வரணும், எண்ணெய் அந்தக் காய் மேலதான் போகணும். நம்ம சாப்பாட்டுல கலோரியில 60%க்கு மேல சோறு, இட்லி, தோசைன்னு மாவுச்சத்துல இருந்துதான் வருது, அதைத் தொடாம எந்த எண்ணெயை மாத்தினாலும் 8.2 பெருசா அசையாது.

சோறைக் குறைக்கிறப்போ ஒரு எச்சரிக்கை. அப்பா போடுற கிளிமிபிரைடு சுகரை ரொம்ப இறக்கிடக்கூடிய மாத்திரை. சோறு பாதியாயி மாத்திரை அதே அளவுல இருந்தா லோ சுகர் வரலாம், வேர்வை, படபடப்பு, கை நடுக்கம், திடீர்னு பசி. அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, மாத்திரை அளவை அவர் குறைக்கலாம், நீங்களா குறைக்க வேண்டாம். ரத்தத்துல ட்ரைகிளிசரைடுன்ற கொழுப்பு 500க்கு மேல இருந்தா எந்த எண்ணெயையும் கூட்டக் கூடாது, கணையம் வீங்குற ஆபத்து இருக்கு, லிப்பிட் ரிப்போர்ட்டைப் பாருங்க.

பாட்டிலைப் பத்தி. கடையில "ஆலிவ் ஆயில்"னு எழுதியிருக்குற எல்லாம் ஒண்ணு இல்ல. நம்ம ஊர்ல விலை கம்மின்னு நிறைய விக்கிறது பொமேஸ், அதாவது எண்ணெய் பிழிஞ்சு எடுத்த சக்கையில கெமிக்கல் ஊத்தி மறுபடி எடுத்து சுத்திகரிச்சது. "லைட்", "எக்ஸ்ட்ரா லைட்"னா கலோரி கம்மின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, சுத்திகரிச்சதால நிறமும் வாசனையும் லைட்டு, கலோரி அதேதான். எக்ஸ்ட்ரா வர்ஜின்னா பழத்தை அப்படியே பிழிஞ்சது, அமில அளவு 0.8%க்குள்ள இருக்கணும்னு விதி. ஏன் இதை அழுத்திச் சொல்றேன்னா, பிரெடிமெட் நடந்தது ஸ்பெயின்ல, அங்க எல்லாரும் ஏற்கனவே ஆலிவ் ஆயில் சாப்பிடுறவங்கதான், அந்தக் குழுவுல நடந்த பெரிய மாத்தம் சாதா ஆலிவ் ஆயில்ல இருந்து எக்ஸ்ட்ரா வர்ஜினுக்கு வந்தது. அப்போ ஒலீயிக் அமிலத்துக்கு மேல அந்தப் பழத்தோட கசப்புல இருக்குற பாலிஃபீனாலுக்கும் பங்கு இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

நல்ல எண்ணெயைக் கண்டுபிடிக்க தொண்டையை நம்பலாம். கேரி பீச்சம்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி சிசிலிக்குப் போனப்போ புதுசா பிழிஞ்ச எண்ணெயைக் குடிச்சுப் பார்த்திருக்காரு, தொண்டையில ஒரு காரல், அவருக்கு இபுப்ரோஃபென் மருந்தை முழுங்கினா வர்ற அதே காரல்னு உடனே பொறி தட்டுச்சு. எண்ணெய்ல அந்தக் காரலைத் தர்ற பொருள் வீக்கத்தைக் குறைக்கிறதுலயும் இபுப்ரோஃபென் மாதிரியே வேலை செய்யுதுன்னு 2005ல வெளியிட்டாங்க, அதுக்கு ஓலியோகாந்தால்னு பேரு. அதனால ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாருங்க, பச்சை வாசனை, லேசான கசப்பு, தொண்டையில காரல் இருந்தா நல்லது, வழவழன்னு ஒரு ருசியும் இல்லாம இறங்கினா அது வேற ஏதோ. ஃபிரிட்ஜ்ல வச்சா உறையுதான்னு பார்க்குற டெஸ்ட் எல்லாம் நம்பாதீங்க. கருப்பு கண்ணாடி பாட்டில், அறுவடை தேதி போட்டது, சின்ன பாட்டிலா வாங்குங்க, அடுப்புப் பக்கத்துல வைக்காதீங்க, திறந்தா ரெண்டு மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க. மெடிக்கல் ஷாப்ல குழந்தைக்குத் தேய்க்கன்னு சின்ன டின்ல வர்றதை லேபிள் பார்க்காம சமையலுக்கு எடுக்காதீங்க.

சூடு பண்ணலாமான்னு அடுத்து கேப்பீங்க. வதக்க, தாளிக்க தாராளமா பண்ணலாம், புகை வர 190 டிகிரிக்கு மேல ஆகும். பாலிஃபீனால் கொஞ்சம் போகும், அதனாலதான் கடைசியா மேல விடுறது நல்லதுன்னு சொல்றேன். பூரி பஜ்ஜிக்கு வேண்டாம், காசுக்கும் கேடு, சுகருக்கு அந்தப் பூரியே கேடு.

காசு பத்தியும் பேசணும். லிட்டர் ஆயிரம் ரூபாய்க்கு மேல. ஸ்பெயின்ல வறட்சி வந்து 2022-23ல விளைச்சல் பாதிக்குக் கீழ போனப்போ விலை எங்கயோ போச்சு. கடன் வாங்கி ஆலிவ் ஆயில் வாங்குங்கன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. நம்ம கடலை எண்ணெய்ல கிட்டத்தட்ட பாதி அதே ஒலீயிக் அமிலம்தான், நல்லெண்ணெய்ல 40% மாதிரி இருக்கு, கூடவே செசமின்னு அதுக்கே உரிய நல்ல பொருளும் இருக்கு. 2011ல வந்த ஒரு சின்ன ஆய்வுல 60 சுகர்காரங்களை வச்சுப் பார்த்தப்போ, கிளிபென்கிளமைடு மாத்திரையோட சமையலுக்கு நல்லெண்ணெயும் சேர்த்தவங்களுக்கு மாத்திரை மட்டும் போட்டவங்களை விட சுகர் நல்லா இறங்குச்சு. ரெண்டு மாசம்தான் நடந்தது, ஆலிவ் மாதிரி பல வருஷம் ஆயிரக்கணக்குல பார்க்கல. ஆனா உங்க வீட்டுல இப்போ பாமாயிலோ வனஸ்பதியோ ஓடுதுன்னா கடலை எண்ணெய், நல்லெண்ணெய்க்கு மாறுறதே முதல் பெரிய லாபம், மாசம் ஆலிவ் பாட்டிலுக்கு ஆகுற காசுல காயும் பயறும் இன்னும் கொஞ்சம் வாங்கலாம். முடிஞ்சவங்க அதுக்கு மேல ஆலிவுக்குப் போகட்டும்.

இது பலன் தருதான்னு நீங்களே பார்த்துக்கலாம். வீட்டுல மெஷின் இருந்தா ஒரு வாரம் இப்போ இருக்குற சாப்பாட்டுக்கே மதியம் சாப்பிடுறதுக்கு முன்னாடியும் ரெண்டு மணி நேரம் கழிச்சும் எழுதி வைங்க, அப்புறம் மாத்தின சாப்பாட்டுக்கு ஒரு வாரம் அதே மாதிரி. அப்பாவுக்கு நம்பர் கண்ணுல தெரிஞ்சாதான் மனசு மாறும், நீங்க சொன்னா கேக்க மாட்டாரு, என் அனுபவம் அது. மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி எடுங்க.

இன்னொண்ணு, கேள்வியில நீங்க சொல்லவே இல்ல. ஒன்பது வருஷ சுகருக்கு அப்பாவுக்கு கண்ணுல சொட்டு மருந்து விட்டு விழித்திரையை ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா? கண்ணாடிக் கடையில பவர் பார்க்குறதைச் சொல்லல. விழித்திரை கெட ஆரம்பிச்சா வலிக்காது, பார்வை மங்கித் தெரியும்போது பாதி போயிருக்கும். பார்க்கலன்னா எண்ணெய் எல்லாம் அப்புறம், இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கூட நீங்களும் போங்க, சொட்டு மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் அவரால வண்டி ஓட்ட முடியாது.